ரெண்டாவது எங்கே?

ஃபைனல் இயர் ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்கு மேல ரெண்டு டாபிக்தான் ஓடும். ஒண்ணு, யாருக்கு எந்தக் கம்பெனியில ஆஃபர். இன்னொண்ணு, அந்த ஆஃபரை வச்சுக்கிட்டு சென்னையிலேயே இருந்துடறதா, இல்லை நாலஞ்சு வருஷம் சம்பாதிச்சுட்டு சொந்த ஊருக்கே போயிடறதா. இந்த விவாதத்தை முதல் செமஸ்டர்லேர்ந்து கேட்டுக்கிட்டு வர்றேன். மூணரை வருஷத்துல ஒரு புது பாயின்ட்கூட யாரும் சொல்லலை. ஊர் கட்சி சொல்றது: நல்ல காத்து, டிராஃபிக் இல்லை, வாடகை கம்மி, அம்மா சாப்பாடு. சிட்டி கட்சி சொல்றது: வேலை இருக்கு, மால் இருக்கு, மெட்ரோ இருக்கு, யாரும் நம்மளைக் கேள்வி கேட்க மாட்டாங்க.

இந்த ரெண்டு லிஸ்ட்டும் பாதி காலாவதி ஆனது. என் ஊர் கோவில்பட்டி. சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க ஊர் கரிசல் மண்ணுல நின்னு பார்த்தவங்க யாரும் 'நல்ல காத்து'ன்னு சொல்ல மாட்டாங்க. தண்ணி விஷயம் கேட்கவே வேண்டாம். தாமிரபரணியில சீவலப்பேரியிலேர்ந்து குழாய் போட்டுக் கொண்டு வரணும். சின்ன வயசுல எங்க தெருவுல குடங்களை வரிசையா வச்சுட்டுக் காத்திருந்தது இன்னும் கண்ணுல நிக்குது. அதே மாதிரி சிட்டி கட்சியோட லிஸ்ட்லயும் பாதி செல்லாது. இன்னைக்கு ஆன்லைன்ல ஆர்டர் போட்டா சென்னைக்கு வர்ற அதே ஷூ எங்க தெருவுக்கும் வருது, ரெண்டு நாள் லேட்டா. நெட் வேகம் எங்க ஹாஸ்டல் வைஃபையை விட எங்க வீட்டுல நல்லாவே இருக்கு. (ஹாஸ்டல் வைஃபை பத்தி தனிக் கட்டுரை எழுதலாம், எடிட்டர் விட மாட்டார்.)

எனக்கு இது வெறும் ராத்திரி அரட்டை இல்லை. இந்த மாசம் முடியறதுக்குள்ள நான் ஒரு முடிவு சொல்லியாகணும். ஒரு பக்கம் ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனி ஆஃபர். இன்னொரு பக்கம், தீப்பெட்டி மெஷின் செஞ்சு கொடுக்கற ஒரு பட்டறை, கோவில்பட்டியிலேயே. அப்பாவோட பள்ளிக்கூட நண்பர் நடத்துறது. நான் ட்ரிபிள்-இ. "மெஷினுக்கு எல்லாம் கன்ட்ரோல் பேனல், சென்சார்னு ஆயிருச்சும்மா, எனக்கு ஒரு ஆள் வேணும், நீயே வந்துரு"ன்னு மாமா கேட்கிறார். சம்பளத்துல பெரிய வித்தியாசம்கூட இல்லை. மாசம் 25 ஆயிரத்துக்குப் பக்கத்துல கையில வரும் இங்க. அவர் 18 தர்றேன்கிறார். பிஜி வாடகை, பஸ், வெளிச் சாப்பாடு எல்லாம் கழிச்சுப் பார்த்தா ஊர்லதான் மிச்சம் அதிகம். ஆக, காசு வச்சு முடிவு எடுக்க முடியலை. வேற எதை வச்சு எடுக்கறதுன்னு யோசிச்சதுதான் இந்தக் கட்டுரை. தமிழ்ல நான் கடைசியா இவ்வளவு நீளமா எழுதினது ப்ளஸ் டூ பரீட்சையில, அதனால கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

முதல்ல சின்ன ஊர்னா என்னன்னு சொல்லிடறேன். கிராமத்தைப் பத்தி நான் பேசலை. சென்சஸ் கணக்குப்படி குறைஞ்சது 5,000 பேர் இருக்கணும், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வசிக்கணும், வேலைக்குப் போற ஆம்பளைங்கள்ல முக்கால்வாசிப் பேர் விவசாயம் இல்லாத வேலை பார்க்கணும். அப்போ அது டவுன். ஒரு லட்சத்தைத் தாண்டினா சிட்டி வரிசைக்குப் போயிடும். 2011 கணக்குல எங்க நகராட்சிக்குள்ள சுமார் 95 ஆயிரம் பேர். கொஞ்சத்துல சிட்டி பட்டம் போச்சு. தமிழ்நாட்டுல 130-க்கு மேல நகராட்சி, 490-க்குப் பக்கத்துல பேரூராட்சி இருக்கு. நம்ம கிளாஸ்லயே பாருங்க, "ஊர் எது?"ன்னு கேட்டா பாதிப் பேர் ஒரு பேரைச் சொல்லிட்டு உடனே "மதுரை பக்கம்", "சேலம் பக்கம்"னு சேர்த்துச் சொல்வாங்க. அந்த 'பக்கம்' போட்டுச் சொல்ல வேண்டிய ஊர் எல்லாமே என் கணக்குல சின்ன ஊர்தான்.

இந்த மாதிரி ஊர்ல எதுவுமே இல்லைன்னு சொல்றது பொய். எங்க ஊர்ல நல்ல ஸ்கூல் இருக்கு, இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, செயற்கைப் புல்தரையோட ஹாக்கி ஸ்டேடியம் இருக்கு. சென்னை போற வந்தே பாரத் நிக்குது. 2020-ல புவிசார் குறியீடு வாங்கின கடலை மிட்டாய் இருக்கு, அது எந்தக் கடையில வாங்கணும்னு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தீர்மானமான கருத்து இருக்கு. நான் யோசிச்சுப் பார்த்த வரைக்கும், வாழ்க்கைக்குத் தேவையான ஒவ்வொண்ணும் எங்க ஊர்ல ஒண்ணு இருக்கு. ரெண்டாவதுதான் இல்லை. உங்க பாடத்துக்கு நல்லா நடத்துற டியூஷன் சார் ஒருத்தர் இருப்பார். அவருக்கும் உங்களுக்கும் ஒத்துப் போகலைன்னா அவ்வளவுதான். உங்க படிப்புக்கு ஏத்த வேலை தர்ற இடம் ஒண்ணு இருக்கும். அங்க சரிப்படலைன்னா அடுத்தது 50 கிலோமீட்டர் தள்ளி. இந்த ஒரு குறையிலேர்ந்துதான் மத்த எல்லாக் குறையும் வருதுன்னு எனக்குத் தோணுது. வேடிக்கை என்னன்னா, ஊரோட நல்லது எல்லாமும் அதே இடத்துலேர்ந்துதான் வருது.

எழுத்தாளர்கள் விஷயத்துல மட்டும் இந்த விதி எங்களுக்குப் பொருந்தாது. பக்கத்துல இடைசெவல்னு ஒரு கிராமம். கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி ரெண்டு பேரும் அங்க பிறந்தவங்க, நண்பர்கள், ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாதெமி. ஒரே கிராமத்துக்கு ரெண்டு விருது! அதுலயும் ஒரு விஷயம் கவனிச்சேன். அழகிரிசாமி இளம் வயசுலேயே சென்னைக்குப் போனார், அப்புறம் மலேயாவுல பத்திரிகை வேலை பார்த்தார். கி.ரா. பாதி ஆயுளுக்கு மேல ஊர்லயே விவசாயம் பார்த்துக்கிட்டு எழுதிட்டு, அப்புறம் புதுச்சேரி பல்கலைக்கழகம் கூப்பிட்டதும் அங்க போனார், 2021-ல அங்கேயே இறந்தார். உடலை இடைசெவலுக்குத்தான் கொண்டு வந்தாங்க. போனவர், இருந்தவர் ரெண்டு பேருமே கரிசலைத்தான் எழுதினாங்க. ஆனா எழுத்துக்கு ஒரு பேனா, பேப்பர் போதும். ட்ரிபிள்-இ-க்கு லேப் வேணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். 2022 ஜூன்ல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க தாத்தாவுக்கு நெஞ்சு வலி. ஆச்சி போட்ட சத்தத்துல எதிர் வீட்டு மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி எழுந்து வந்துட்டார். நாங்க 108-க்கு போன் போடறதா வேண்டாமான்னு பேசிட்டு இருக்கும்போதே அவர் காரை எடுத்து வாசல்ல நிறுத்திட்டார். அவரோட தம்பி, மூணாவது வீட்டு டெய்லர் அண்ணன் ரெண்டு பேரும் தாத்தாவை நாற்காலியோட தூக்கிட்டு வந்தாங்க. டாக்டர் வீட்டு நம்பர் அண்ணாச்சிகிட்ட இருந்தது. நாங்க போறதுக்குள்ள டாக்டர் கைலியோட வந்து கிளினிக்கைத் திறந்து வச்சிருந்தார். எல்லாம் சேர்த்து பத்து நிமிஷம். சென்னையில எந்தப் பணக்காரனுக்கும் இது நடக்காது.

ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் சொன்னார்: "இது இங்க வச்சுப் பார்க்கிற கேஸ் இல்லை. மாத்திரை கொடுத்திருக்கேன். நேரா திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருங்க." 55 கிலோமீட்டர். நாலு வழிச் சாலைதான், ராத்திரி வண்டி கம்மிதான், அண்ணாச்சி நல்லா ஓட்டுவார்தான். ஆனாலும் கயத்தாறு எப்போ வரும், கங்கைகொண்டான் எப்போ வரும்னு ஒவ்வொரு போர்டா படிச்சுக்கிட்டே போன அந்த முக்கால் மணி நேரம் எனக்கு மறக்காது. ஸ்டென்ட் வச்சாங்க, தாத்தா பிழைச்சுட்டார், இப்போ சாயங்காலம் டிவியில செய்தி பார்த்து அரசியல்வாதிகளைத் திட்டிக்கிட்டு நல்லா இருக்கார்.

என் சித்தி வேளச்சேரியில ஃப்ளாட்ல இருக்காங்க. அஞ்சு வருஷம் ஆச்சு. அவங்க வீட்டுலேர்ந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இதய வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு மேல இருக்கு. எதிர் ஃப்ளாட்காரர் பேர் தெரியாது. கதவுல ஒட்டியிருக்கிற ஆங்கில எழுத்து ரெண்டை வச்சு 'எஸ்.கே. சார்'னு சொல்றாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சித்தி தனியா இருந்து நெஞ்சு வலி வந்தா எஸ்.கே. சார் கதவைத் திறப்பாரா? தெரியாது. திறந்தாலும் பார்க்கிங்ல யாரோட காரை யார் நகர்த்தறதுன்னு வாட்ச்மேனைத் தேடணும்.

இந்தக் கதையை ஹாஸ்டல்ல சொன்னப்போ ஊர் கட்சிக்காரங்க எல்லாம் கைதட்டினாங்க. "பார்த்தியா, மனுஷங்க முக்கியம்"னாங்க. அவசரப்படாதீங்க. தாத்தாவுக்கு அப்புறம் ஒரு மருந்து ஒத்துக்கலை. வேற டாக்டர்கிட்ட ஒரு அபிப்பிராயம் கேட்கலாம்னு நினைச்சோம். மாசத்துக்கு ரெண்டு தடவை திருநெல்வேலி, ஒரு தடவை மதுரை. ஒவ்வொரு தடவையும் அப்பாவுக்கு ஒரு நாள் கடை அடைப்பு. 'செகண்ட் ஒப்பீனியன்'ங்கற வார்த்தையே ரெண்டாவது டாக்டர் இருக்கிற ஊர்ல கண்டுபிடிச்சதா இருக்கணும்.

இப்போ அந்த மெடிக்கல் ஷாப் அண்ணாச்சியைப் பத்தி இன்னொரு விஷயம். நான் ப்ளஸ் டூ படிக்கும்போது, டியூஷன் முடிஞ்சு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிளாஸ் பையன் ஒருத்தன்கிட்ட கெமிஸ்ட்ரி நோட் வாங்கிட்டு அஞ்சு நிமிஷம் பேசிட்டு இருந்தேன். நான் சைக்கிள் மிதிச்சு வீட்டுக்கு வர்றதுக்குள்ள அம்மாவுக்குத் தெரிஞ்சிருச்சு. "யாருட்டி அது?"ன்னு வாசல்லயே கேள்வி. சொன்னது அதே அண்ணாச்சி. அவர் கெட்ட எண்ணத்துல சொல்லலை. "நம்ம பிள்ளை"ன்னு நினைச்சுத்தான் சொன்னார். ராத்திரி ரெண்டு மணிக்கு காரை எடுத்ததும் "நம்ம பெரியவர்"னு நினைச்சுத்தான். ஒரே மனுஷன், ஒரே காரணம். ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு இன்னொண்ணை வேண்டாம்னு சொல்ல வழியே இல்லை. அதனாலதான் நிறை ஒரு பக்கம், குறை ஒரு பக்கம்னு லிஸ்ட் போடறதுல எனக்கு நம்பிக்கை போயிருச்சு.

ஆனா ஒண்ணு கவனிங்க. என் பெரியப்பா பையன் அதே பஸ் ஸ்டாண்ட்ல ராத்திரி பத்து மணி வரைக்கும் டீக்கடையில நிப்பான். அதை யாரும் எங்க வீட்டுல வந்து சொன்னது கிடையாது. எங்க ஹாஸ்டல்ல நான் பேசிப் பார்த்த வரைக்கும், "செட்டில் ஆனா ஊர்லதான்"னு உருகுறது பெரும்பாலும் பசங்கதான். காலேஜ் கேன்டீன்ல இதை நான் சொன்னா "நீ எல்லாத்தையும் ஜெண்டர் ஆக்குற"ன்னு சண்டைக்கு வர்றாங்க. சண்டை வேண்டாம், ஒரு சின்ன கேள்வி. உங்க ஊர்ல உங்க அக்காவோ தங்கச்சியோ தனியா உட்கார்ந்து ஒரு காபி குடிக்கிற மாதிரி எத்தனை இடம் இருக்கு? எங்க ஊர்ல பேக்கரி நிறைய இருக்கு. 'ஃபேமிலி ரூம்'னு தனியா ஒரு மறைப்பு போட்டு வச்சிருப்பாங்க. அதுக்குள்ள தனியா போய் உட்கார்ந்தா, குடும்பத்தை எங்கேன்னு தேடுவாங்க.

மெடிக்கல் ஷாப்பையே எடுத்துக்கோங்க. மனசு சரியில்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒருத்தர் வாங்கணும்னா, சின்ன ஊர்ல அது சாதாரண விஷயம் இல்லை. கடை பத்து இருக்கே, வேற கடைக்குப் போகலாமேன்னு கேட்கலாம். கடை பத்துதான், ஆனா எல்லா அண்ணாச்சியும் ஒரே வாட்ஸ்அப் குரூப். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இதுக்காகவே பஸ் ஏறி சாத்தூர் போய் வாங்கிட்டு வருவாங்க. எண்ணிக்கையில ரெண்டாவது இருந்தாலும் உண்மையில ரெண்டாவது இல்லைங்கறது இதுதான்.

மனுஷங்களுக்கும் அப்படித்தான். பத்தாவதுல ஃபெயில் ஆனவனை முப்பது வயசுலயும் அந்தப் பேரை வச்சே கூப்பிடற ஊர் அது. கடை வச்சு நொடிச்சுப் போனவர், கல்யாணம் ஆகி மூணு மாசத்துல திரும்பி வந்த பொண்ணு, இவங்களுக்கு எல்லாம் 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு ஒரு வாழ்க்கை இருக்கும்னே ஊர் நினைக்காது. சென்னை இவங்ககிட்ட ரொம்ப அன்பா நடந்துக்குதுன்னு இல்லை. சென்னைக்கு இவங்க யாருன்னே தெரியாது. அந்தத் தெரியாத்தனம் சில பேருக்கு மருந்து மாதிரி.

இன்னும் ஒண்ணு சொல்லாம விட்டா நான் சொன்னதுல அர்த்தம் இல்லை. தென் மாவட்டத்துல புதுசா ஒருத்தரைப் பார்த்தா பேர் கேட்பாங்க, அடுத்தது "வீடு எந்தத் தெரு?"ன்னு கேட்பாங்க. கேட்கிறவருக்கு வழி தெரியணும்ங்கறதுக்காக இல்லை. தெருப் பேரைச் சொன்னா சாதி தெரிஞ்சிரும். 'எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்'ங்கறதோட இன்னொரு முகம் இது. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில ப்ளஸ் டூ படிச்ச ஒரு தலித் மாணவனை, கூடப் படிச்ச பசங்களே வீட்டுக்குப் போய் வெட்டினாங்க. தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அதுக்கு அப்புறம்தான் நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டாங்க. பள்ளிக்கூடத்துல சாதியைக் காட்டுற கயிறு கட்டக் கூடாதுங்கறது அந்தக் குழுவோட பரிந்துரைகள்ல ஒண்ணு. நாங்குநேரியும் என் கணக்குல ஒரு சின்ன ஊர்தான். "எங்க ஊர்ல எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி"ன்னு யாராவது ஸ்டேட்டஸ் போட்டா, அதைச் சொல்றவங்க வீடு எந்தத் தெருன்னு நானும் கேட்கத் தொடங்கிட்டேன். சென்னையில சாதி இல்லையா? வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவங்களைக் கேளுங்க. ஆனா ஒரு வீட்டு ஓனர் கதவைச் சாத்தினா அடுத்த தெருவுல இன்னொரு ஓனர் இருக்கார். மறுபடியும் அதே கணக்குதான், ரெண்டாவது.

இப்போ வேலை. ஏழாவது செமஸ்டர்ல எல்லாரும் அட்டெண்டன்ஸுக்காக எடுத்த அந்த எகனாமிக்ஸ் எலக்டிவ்ல எனக்கு மனசுல நின்னது ஒரே ஒரு விஷயம். ஆல்ஃபிரட் மார்ஷல்னு ஒருத்தர் 1890-ல ஒரு புத்தகம் எழுதினார். ஒரே தொழில் செய்யறவங்க ஏன் ஒரே ஊர்ல கூடுறாங்கன்னு அதுல விளக்குறார். அந்தத் தொழில் தெரிஞ்ச ஆள் எங்க கிடைப்பாங்களோ அங்க முதலாளி வருவார், அந்தத் தொழிலுக்கு முதலாளி எங்க நிறைய இருக்காங்களோ அங்க தொழிலாளி வருவார். படிக்கும்போது எனக்கு சிவகாசிதான் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. அங்க ஒரு பிரஸ்ல முதலாளியோட சண்டைன்னா அடுத்த பிரஸ்ல வேலை. திருப்பூர்ல பனியன், கரூர்ல வீட்டு உபயோகத் துணி, திருச்செங்கோட்டுல போர்வெல் வண்டி, எல்லாம் இப்படித்தான். இந்த ஊர்கள்ல ரெண்டாவது வேலை இருக்கு, ஆனா ஒரே தொழில்ல. அதுலயும் ஒரு ஆபத்து இருக்குன்னு மார்ஷலே எச்சரிக்கிறார். ஒரே தொழிலை நம்பின ஊர், அந்தப் பொருளுக்கு மவுசு குறைஞ்சா மொத்தமா படுத்துரும்.

இதுக்கு எங்க ஊர் தீப்பெட்டியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. எங்க பக்கம் ஃபேக்டரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். எங்க ஆச்சி கல்யாணத்துக்கு முன்னாடி தீப்பெட்டி ஆபீஸ் போனவங்க. பல வீட்டுல பொம்பளைங்க சம்பாத்தியம்னா அதுதான். பெட்டி விலை ஒரு ரூபாயிலேயே 14 வருஷம் நின்னு, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபாய் ஆச்சு. அதுக்கு நடுவுல மெழுகு, அட்டை, குளோரேட்னு மூலப்பொருள் எல்லாம் விலை ஏறிக்கிட்டே போச்சு. போதாக்குறைக்கு பிளாஸ்டிக் லைட்டர். 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டரை இறக்குமதி செய்யக் கூடாதுன்னு 2023 ஜூன்ல மத்திய அரசு தடை போட்டப்போ எங்க ஊர்ல வெடி போடாத குறைதான். ஒரு ஊரோட சாப்பாடு, எங்கேயோ வர்ற ஒரு லைட்டர் மேல நிக்குதுன்னா அது நிம்மதியான வாழ்க்கையா?

இந்தத் தொழில் எங்க பக்கம் வந்த கதையும் சுவாரசியம். 1920-கள்ல சிவகாசிலேர்ந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனாங்க. தீப்பெட்டி செய்யறதைக் கத்துக்கிட்டாங்க, திரும்பி வந்து தொடங்கினாங்க. வானம் பார்த்த பூமி, மழை இல்லை, வேலை இல்லை, அதனால போனாங்க. அவங்க ஊர்லயே இருந்திருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது, கல்கத்தாவுலயே செட்டில் ஆகியிருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது.

"இப்போதான் பெரிய கம்பெனியே சின்ன ஊருக்கு வருதே"ன்னு கேட்பீங்க. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில ஜோஹோ 2011-லேயே ஆபீஸ் போட்டுச்சு. சும்மா பேச்சுக்கு இல்லாம நிஜமாவே செஞ்சு காட்டின விஷயம் அது, எனக்கு மரியாதை உண்டு. ஆனா ஒரு ஊருக்கு ஒரு நல்ல கம்பெனி வந்தா, ஒண்ணு வந்திருக்கு, அவ்வளவுதான். அங்க சேர்ந்த ஒருத்தருக்கு மூணு வருஷம் கழிச்சு வேற மாதிரி வேலை பார்க்கணும்னு தோணினா, வீட்டை மாத்தாம அதைச் செய்ய முடியணும். அடுத்த கம்பெனி பக்கத்துலேயே வந்தாதான் அது நடக்கும். லாக்டவுன்ல வொர்க் ஃப்ரம் ஹோம் வந்தப்போ எங்க தெருவுல ஒரு அக்கா ஒன்றரை வருஷம் மாடியில உட்கார்ந்து பெங்களூர் வேலை பார்த்தாங்க. சொந்த வீடு, சிட்டி சம்பளம், மாட்டுப் பொங்கலுக்கு லீவ் கேட்க வேண்டாம். அப்புறம் ஒரு நாள் மெயில் வந்துச்சு, வாரத்துக்கு மூணு நாள் ஆபீஸ்னு. அக்கா போயிட்டாங்க. தூரத்துலேர்ந்து கொடுத்த சலுகையைத் தூரத்துலேர்ந்தே எடுத்துடலாம்.

அப்போ என்ன செய்யலாம்? எங்க ஊர்லயே எல்லாத்துக்கும் ரெண்டாவது வரணும்னா அது சின்ன ஊராவே இருக்காது, இன்னொரு சென்னை ஆகி அங்கயும் டிராஃபிக் வந்துரும். ரெண்டாவதைப் பக்கத்துல கொண்டு வர்றதுதான் வழின்னு நினைக்கிறேன். ஒரு கணக்கு சொல்றேன். சென்னை பீச்லேர்ந்து செங்கல்பட்டுக்கு 60 கிலோமீட்டர். காலையில மின்சார ரயில் ஏறி வேலைக்கு வந்துட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறவங்க ஏராளம். நம்ம காலேஜ் சார் ஒருத்தரே அப்படித்தான் வர்றார். கோவில்பட்டிலேர்ந்து திருநெல்வேலி ரயில்ல சுமார் 65 கிலோமீட்டர். ஏறக்குறைய அதே தூரம். செங்கல்பட்டுக்காரருக்கு சென்னையில இருக்கிற வேலை எல்லாம் அவர் ஊர் வேலை மாதிரி. எனக்கு திருநெல்வேலி வேலை, வெளியூர் வேலை. தூரம் ஒண்ணுதான், வண்டிதான் இல்லை.

மதுரை - திருநெல்வேலி நடுவுல இரட்டைப் பாதை முடிஞ்சாச்சு, மின்மயமும் ஆயாச்சு. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டின்னு வரிசையா சின்ன ஊர்கள் அதே தண்டவாளத்துல இருக்கு. நெல்லை, முத்துநகர்னு சென்னைக்குப் போக ராத்திரி வண்டிக்குக் குறையில்லை. அதாவது எங்களை ஊரை விட்டுக் கொண்டு போய் விட வண்டி இருக்கு. காலையில ஏழு மணிக்கு ஏறி பக்கத்து டவுன்ல வேலை பார்த்துட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வர்ற மாதிரி, அரை மணிக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணுன்னு எட்டுப் பெட்டி மெமு ஓடினா, இந்த நாலஞ்சு ஊரும் சேர்ந்து ஒரு ஊர் மாதிரி ஆயிரும். சாத்தூர் பொண்ணு மதுரையில வேலை பார்க்கலாம், மதுரைக்காரர் சாத்தூர்ல பட்டறை போடலாம். மெடிக்கல் ஷாப் அக்காவுக்கும் வசதி. ஸ்மார்ட் சிட்டி, ஐடி பார்க்னு கட்டடமா கட்டறதை விட இது எவ்வளவோ மலிவுன்னு என் அபிப்பிராயம். சிவில் நண்பர்கள் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.

அது எல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். இந்த மாசம் நான் என்ன பதில் சொல்றதுங்கறதுக்கு வர்றேன். பட்டறை வேலைதான் எனக்குப் பிடிச்ச வேலை. ஐடி ஆஃபர்ல ட்ரெய்னிங் முடிஞ்சு என்ன தருவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. இருந்தும் நான் ஓஎம்ஆருக்கு 'சரி' சொல்லப் போறேன். பட்டறையில நான் சேர்ந்து, ஆறு மாசத்துல எனக்கும் மாமாவுக்கும் ஒத்துப் போகலைன்னு வைங்க. அங்க அடுத்த வேலை இல்லை. வேலையோட போகாது, அப்பாவோட நாற்பது வருஷ நட்பும் சேர்ந்து போகும். 'அந்தப் பிள்ளை பாதியில விட்டுட்டுப் போயிருச்சு'ங்கற பேர் வேற நிக்கும். ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனி சரியில்லைன்னா அதே ரோட்டுல ரெண்டு ஸ்டாப் தள்ளி இன்னொண்ணு. இங்க நான் வேலையை மட்டும் விட்டா போதும். 21 வயசுல எனக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கிற இடம் வேணும். நாற்பது வயசுல எதிர் வீட்டு அண்ணாச்சி மாதிரி ஒருத்தர் வேணும்னு தோணலாம். ரெண்டையும் ஒரே ஊர் கொடுத்தா நான் ஏன் இவ்வளவு யோசிக்கப் போறேன்?

இதை எல்லாம் போன்ல மாமாகிட்ட சொன்னேன், இவ்வளவு நீளமா இல்லை. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "சரிம்மா, போ. ஆனா அங்க போயி சும்மா கம்ப்யூட்டரைத் தட்டிக்கிட்டு இருக்காத, பிஎல்சி, சர்வோன்னு எதையாவது கத்துக்கோ. சிவகாசிக்காரன் அதைத்தான் கேட்கிறான்"னார். கம்பெனி ஜாயினிங் ஆகஸ்ட்லதான். ஜூன், ஜூலை ஊர்ல இருப்பேன். பெட்டியில குச்சி குறைவா விழுந்தா மெஷின் தானா நிக்கற மாதிரி ஒரு சென்சார் வச்சுத் தரச் சொல்லியிருக்கார். இப்போதைக்கு அதுக்கான டேட்டாஷீட்டைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன்.